பூட்டுக் கோப்பை அழித்தால் போதுமா?

க்னோம் டெஸ்க்டாப்பின் இரண்டாம் தலைமுறை ஓடிய நாட்களில் லினக்ஸ் ஆய்வகம் நடத்தியவர்களுக்கு ஒரு பிழைச் செய்தி நன்றாக நினைவிருக்கும். அமைப்புச் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று தொடங்கும் அந்தச் செய்தி, காரணம் என்னவாக இருக்கலாம் என்று தானே இரண்டு ஊகங்களையும் சொல்லும்: ஆர்பிட்டுக்கு டிசிபி/ஐபி வழியைத் திறந்துவிட வேண்டியிருக்கலாம், அல்லது கணினி ஏதோ நடுவில் விழுந்ததில் என்எஃப்எஸ் பூட்டு விடுபடாமல் நின்றிருக்கலாம். நுழைய வந்த மாணவருக்கு இதில் ஒரு வரியும் புரியாது. ஆய்வக உதவியாளரைக் கூப்பிடுவார். அவர் மாணவரின் ஹோம் டைரக்டரிக்குள் போய், புள்ளி வைத்துத் தொடங்கும் மறைவு டைரக்டரிகள் இரண்டு மூன்றை அழித்துவிட்டு, “இப்ப லாகின் பண்ணிப் பாருப்பா” என்பார். டெஸ்க்டாப் வந்துவிடும். கோளாறு தீர்ந்தது என்று இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

‘அழித்துவிட்டு மறுபடி நுழை’ என்ற இந்த வைத்தியம் அந்தப் பிழைச் செய்திக்குப் பின்னால் இருந்த ஜிகான்ஃப் என்ற பழைய அமைப்புச் சேவையோடு மறையவில்லை. அதன் வாரிசான டிகான்ஃபுக்கும் இதுவே மருந்து. ஃபயர்பாக்ஸுக்கும் கேடிஇக்கும் இதுவே மருந்து. இத்தனை காலம் ஒரு வழக்கம் நிலைத்திருக்கிறது என்றால் அதில் ஏதோ பலன் இருக்கத்தான் வேண்டும். அதே கோளாறு இத்தனை காலமும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், மருந்து நோயின் வேரைத் தொடவில்லை என்பதும் உண்மை. ஹோம் டைரக்டரியை நெட்வொர்க் வழியே எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக்கியது தவறில்லை. அதற்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று நெடுங்காலம் யாரும் வரையறுக்காமல் விட்டதுதான் தவறு. அழிக்கும் வழக்கம் அந்தத் தவறுக்குத் திரை போடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொது ஹோம் வந்த கதை

எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் தன் கோப்புகள் தன் முன்னால் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக வளாகங்களில் பிறந்த ஆசை. 1983இல் டெக், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களின் துணையோடு எம்ஐடி அதீனா திட்டத்தைத் தொடங்கியது. எக்ஸ் விண்டோவும் கெர்பரோஸும் அந்தத் திட்டத்தின் பிள்ளைகள். அடுத்த ஆண்டே சன் மைக்ரோசிஸ்டம்ஸ், நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியது. அதன் மூன்றாம் பதிப்பின் வரையறை 1995இல் வந்தது. இன்றும் பல ஆய்வகங்களில் ஓடுவது அந்தப் பதிப்புதான்.

இந்த ஏற்பாட்டின் நன்மைகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரே இடத்தில் பேக்கப் எடுக்கலாம். ஒரு கணினி பழுதானால் அடுத்ததில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆளுக்கு இவ்வளவு இடம் என்று கோட்டா வைக்கலாம். ஆய்வகக் கணினிகளில் யாருடைய கோப்பும் தங்காது என்பதால், எந்த நேரத்திலும் எந்தக் கணினியையும் துடைத்துப் புதிதாக நிறுவலாம். நூறு மாணவருக்கு இரண்டு பேர் நிர்வாகம் பார்க்கும் இடத்தில் இவை ஒவ்வொன்றும் பெரிய நிம்மதி.

என்எஃப்எஸ் பிறந்த காலத்து யூனிக்ஸில், அமைப்பு என்றால் பயனர் தன் கையால் எழுதிய ஓர் எழுத்துக் கோப்பு. நிரல் தொடங்கும்போது அதை ஒருமுறை படிக்கும். அதன் பிறகு திரும்பிப் பார்க்காது. ஒருவர் கோப்பை மூடிய பிறகு இன்னொருவர் திறந்தால் புதிய உள்ளடக்கம் தெரியும் என்பதே என்எஃப்எஸ் தரும் உறுதி. அந்தக் காலத்துக்கு அது போதும். இருவரும் ஒரே கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது ஒருவர் எழுதுவது மற்றவருக்கு உடனே தெரியும் என்ற வாக்குறுதியை அது கொடுக்கவே இல்லை. லினக்ஸில் கோப்பின் விவரங்களை க்ளையன்ட் தன்னிடம் 3 முதல் 60 விநாடிவரை வைத்துக்கொள்வது இயல்பு நிலை. கையால் எழுதும் கோப்புக்கு 60 விநாடி ஒரு பொருட்டல்ல. டெஸ்க்டாப்புக்கு அது ஒரு யுகம்.

நடுவில் வந்த டீமன்

ரெட் ஹாட்டில் பணியாற்றிய ஹேவாக் பென்னிங்டன் வடிவமைத்த ஜிகான்ஃபை, 2002 ஜூனில் வந்த க்னோம் 2.0 டெஸ்க்டாப் முழுவதற்கும் பொதுவாக்கியது. ஒவ்வொரு பயனருக்கும் பின்னணியில் ஒரு டீமன் ஓடும். நிரல்கள் கோப்பைத் தொடாமல் அந்த டீமனிடம் கேட்கும், அதனிடமே சொல்லும். பின்னணிப் படத்தை மாற்றினால், தொடர்புள்ள எல்லா நிரலுக்கும் அந்த நொடியே செய்தி போகும். நிர்வாகி இயல்பு மதிப்புகளையும், பயனரால் மாற்ற முடியாத கட்டாய மதிப்புகளையும் தனித்தனியே வைக்கலாம். ஆய்வக நிர்வாகிக்கு இது வரப்பிரசாதம். ஒவ்வொரு நிரலின் கோப்பு வடிவத்தையும் கற்றுக்கொண்டிருந்த காலம் அத்தோடு முடிந்தது.

இந்த வடிவமைப்பின் உயிர்நாடி ஒன்றே: ஒரு பயனருக்கு ஒரே டீமன்தான் எழுத வேண்டும். ஒரே கணினியில் இதைக் காப்பாற்றுவது சுலபம். ஹோம் பத்துக் கணினிகளுக்குப் பொதுவானால்? தொடக்க வடிவமைப்பு இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. ஹோமுக்குள் ‘.ஜிகான்ஃப்டி’ என்ற மறைவு டைரக்டரி, அதற்குள் லாக், அதற்குள் ‘ஐஓஆர்’ என்ற கோப்பு. முதலில் கிளம்பிய டீமன் அந்தக் கோப்பைப் பூட்டி, தன் செயல் எண்ணையும் தன்னை அடையும் முகவரியையும் அதில் எழுதி வைக்கும். வேறு கணினியில் அதே பயனர் நுழைந்தால், அங்குள்ள நிரல்கள் அந்த முகவரியைப் படித்து, நெட்வொர்க் வழியே முதல் கணினியின் டீமனோடு பேச வேண்டும்.

காகிதத்தில் இது அழகான ஏற்பாடு. ஆனால் பேச்சைச் சுமக்க வேண்டிய ஆர்பிட், பாதுகாப்புக் கருதி, இயல்பு நிலையில் டிசிபி வழியை மூடியே வைத்திருந்தது. ஒரு பகுதியைச் செய்தவர்கள் கதவு திறந்திருக்கும் என்று நம்பிக் கட்டினார்கள். இன்னொரு பகுதியைச் செய்தவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். இருவர் முடிவும் தனித்தனியே நியாயமானதுதான். இரண்டும் சேர்ந்தபோது விளைந்ததுதான் அந்தப் பிழைச் செய்தியின் முதல் ஊகம்.

பூட்டு எப்படிச் சிக்குகிறது

இரண்டாவது ஊகத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில் பூட்டு என்பது நெறிமுறையின் உள்ளே இல்லை. பக்கத்தில் தனியாக ஓடும் ஒரு சேவை. மாணவர் முதல் வரிசைக் கணினியில் நுழைகிறார்; டீமன் பூட்டுப் போடுகிறது; இந்தப் பூட்டு இன்னார் கையில் என்று சர்வர் குறித்துக்கொள்கிறது. மின்சாரம் போகிறது. சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடுகிறது. மாணவரின் கணினி அணைந்துவிடுகிறது. அது அணைந்ததைச் சர்வருக்குச் சொல்ல யாரும் இல்லை. மூன்றாம் பதிப்பின் விதிப்படி, அந்தக் கணினி மறுபடி உயிர் பெற்று, நான் விழுந்து எழுந்தேன் என்று தன் வாயால் அறிவித்தால்தான் சர்வர் பூட்டை விடும்.

மாணவர் காத்திருக்கவில்லை. மின்சாரம் வந்ததும் அடுத்த வரிசைக் கணினியில் உட்கார்கிறார். பழைய கணினி இன்னும் அணைந்தே கிடக்கிறது. புதிய டீமன் பூட்டைக் கேட்கிறது; கொடுக்க முடியாது என்கிறது சர்வர். அந்தக் கணினி அன்று முழுவதும் இயக்கப்படாவிட்டால் பூட்டு அன்று முழுவதும் அப்படியே நிற்கும். இயக்கப்பட்டாலும், அது அறிவிக்கும் பெயரும் சர்வர் குறித்து வைத்த பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அறிவிப்பு வீண். நடுவில் ஃபயர்வால் இருந்து அந்தச் சேவையின் போர்ட்டை அடைத்திருந்தாலும் வீண்தான்.

உதவியாளர் பூட்டுக் கோப்பை அழித்ததும் வேலை நடப்பது ஏன்? பூட்டு கோப்பின் பெயரில் தொங்குவதில்லை. பெயருக்குப் பின்னால் இருக்கும் ஐநோடில் தொங்குகிறது. பழைய கோப்பை அழித்தால் அதே பெயரில் புதிய ஐநோடு உருவாகிறது. அதில் பூட்டு ஏதும் இல்லை. சாவி தொலைந்த பூட்டைத் திறக்காமல், கதவையே கழற்றிவிட்டுப் புதுக் கதவு மாட்டுவது போன்ற காரியம் இது. உள்ளே ஆள் இல்லை என்றால் யாருக்கும் நட்டமில்லை.

2003இல் திருத்தமான வரையறை பெற்ற நான்காம் பதிப்பு இந்த வேரைத் தொட்டது. பூட்டு இப்போது நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தவணையும் உண்டு. க்ளையன்ட் குறித்த காலத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் இயல்பாக 90 விநாடி. தவணை தவறியபின் வேறொருவர் அதே பூட்டைக் கேட்டால், சர்வர் பழைய உரிமையைத் தள்ளிவிட்டுப் புதியவருக்குக் கொடுக்கலாம். மேலே சொன்ன மாணவர் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்தால் போதும், உதவியாளரைத் தேட வேண்டியதில்லை.

அழிப்பதன் பலன்

வழக்கத்தின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது வேகமானது. தேர்வு நடக்கும் ஆய்வகத்தில், நெட்வொர்க் பூட்டின் வரலாற்றை ஆராய நேரமில்லை. மாணவர் உட்கார்ந்தாக வேண்டும். பயனர் எங்கும் நுழைந்திருக்கவில்லை என்று உறுதியானால், டீமனின் நிலையைத் தாங்கும் டைரக்டரியை அழிப்பதில் ஆபத்தும் இல்லை. அடுத்த முறை நுழையும்போது அது தானே உருவாகிக்கொள்ளும்.

இன்னொரு பலனும் உண்டு. அழிப்பது ஒரு சோதனையும்கூட. அமைப்புகளை நீக்கியதும் டெஸ்க்டாப் வந்தால், கோளாறு ஹோமுக்குள் இருந்தது. வராவிட்டால் வெளியே தேட வேண்டும். ஒரே அடியில் சந்தேகத்தின் பாதி வட்டம் கழிந்துவிடுகிறது. அனுபவமுள்ள நிர்வாகிகள் இந்த வழியை நாடுவது சோம்பலால் என்று சொல்லிவிட முடியாது.

அழிப்பதன் விலை

முதல் குறை, அது சாட்சியை அழிக்கிறது. பூட்டுக் கோப்புக்குள் பூட்டியவரின் செயல் எண்ணும் முகவரியும் இருந்தன என்று பார்த்தோம். எந்தக் கணினி, எந்த டீமன் என்று அறிய ஹோமுக்குள் இருந்த தடயம் அதுதான். ஃபயர்பாக்ஸும் தன் ப்ரொஃபைலுக்குள் இப்படி ஒரு குறியிணைப்பை வைக்கிறது. அது காட்டுவது எந்தக் கோப்பையும் அல்ல, ஐபி முகவரியும் செயல் எண்ணும் சேர்ந்த ஒரு சரத்தை. டெபியன், உபுண்டு கணினிகளில் இதைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் 127.0.1.1 என்றே இருக்கும். கணினியின் பெயரை அந்த முகவரியோடு கட்டி வைப்பது அந்த விநியோகங்களின் வழக்கம். பத்துக் கணினியும் தங்களை 127.0.1.1 என்றே சொல்லிக்கொண்டால், பூட்டியது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைக் கவனித்தால் ஒரு வரியை மாற்றி நிரந்தரமாகச் சரிசெய்யலாம். பார்க்காமல் அழிப்பவருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

இரண்டாவது குறை, உள்ளே ஆள் இருந்தால் வரும் கேடு. பயனர் முதல் கணினியில் திரையைப் பூட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். டீமன் அங்கே உயிரோடு இருக்கும். இங்கே கோப்பை அழித்துப் புதிய டீமனைக் கிளப்பினால் ஒரே ஹோமுக்கு இரண்டு எழுத்தர்கள். இருவரும் தத்தம் நினைவகத்தில் இருப்பதே சரி என்று நம்புவார்கள். கடைசியாக எழுதியவர் மற்றவர் எழுதியதை மூடிவிடுவார். நேற்று மாற்றிய அமைப்பு இன்று காணாமல் போகும். எந்தப் பதிவேட்டிலும் பிழை இருக்காது. தேடிப் பிடிக்க மிகக் கடினமான கோளாறு வகை இது.

மூன்றாவது, அழிக்கும் கை எல்லை தெரியாமல் அழிக்கும். ஜிகான்ஃபில் பயனரின் அமைப்புகள் ‘.ஜிகான்ஃப்’ டைரக்டரியில், டீமனின் நிலை ‘.ஜிகான்ஃப்டி’ டைரக்டரியில். ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டாவதை அழித்தால் இழப்பில்லை. முதலாவதை அழித்தால் எல்லாம் போயிற்று. அவசரத்தில் இரண்டையும் சேர்த்தே அழிப்பார்கள். இன்றைய க்னோமில் விசைப்பலகைத் தேர்வுகூட டிகான்ஃபில்தான் இருக்கிறது. தமிழ்99 வைத்திருந்தவருக்கு அடுத்த முறை நுழையும்போது ஆங்கில விசைப்பலகை மட்டுமே இருக்கும். கண்பார்வை குறைந்தவர் பெரிதாக்கி வைத்திருந்த எழுத்தளவும், திரைவாசிப்பானின் அமைப்பும் அதே கோப்பில்தான். உதவியாளருக்கு அது ஒரு சின்னக் கோப்பு. பயனருக்கு அது கணினியைப் பயன்படுத்தும் வழி.

நான்காவது குறைதான் பெரியது. பல கோளாறுகளுக்கு அந்தக் கோப்பு காரணமே இல்லை. ஹோமின் கோட்டா நிறைந்துவிட்டால் டெஸ்க்டாப் தொடங்கும்போது எழுத வேண்டிய எதையும் எழுத முடியாது. நுழைந்த வேகத்தில் வெளியே தள்ளிவிடும். க்னோமின் நுழைவுத் திரையான ஜிடிஎம், அதன் பழைய பதிப்புகளில், அமர்வு பத்து விநாடிகூட நீடிக்கவில்லை, வட்டில் இடமில்லாமல் போயிருக்கலாம் என்று நேரடியாகவே சொல்லும். இந்த நிலையில் மறைவு டைரக்டரியை அழித்தால் கொஞ்சம் இடம் கிடைத்து, ஒருமுறை உள்ளே போக முடியும். அமைப்புக் கோப்பு கெட்டிருந்தது என்ற தவறான முடிவு அன்றோடு உறுதியாகிவிடும்.

இன்னொன்று, ஓர் எடிட்டரை சூடோ போட்டுத் திறந்ததன் விளைவு. பயனரின் ரன்டைம் டைரக்டரிக்குள், அதாவது ‘/ரன்/யூசர்/1000’ போன்ற இடத்தில், டிகான்ஃபின் சின்னக் கோப்பு ரூட்டின் பெயரில் உருவாகிவிடும். அதன் பிறகு, அனுமதி இல்லை, டிகான்ஃப் சரியாக இயங்காது என்ற எச்சரிக்கை வரிசையாக வரும். இந்தக் கோப்பு ஹோமிலேயே இல்லை. என்எஃப்எஸ்ஸுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஹோமுக்குள் எதை அழித்தாலும் இது தீராது.

வடிவமைப்பாளர்களின் பதில்கள்

ஜிகான்ஃப் பின்வாங்கிய விதம் கவனிக்கத்தக்கது. பின்னர் வந்த பதிப்புகள் பூட்டை ஹோமிலிருந்து எடுத்து, கணினியின் சொந்த தற்காலிக டைரக்டரிக்குக் கொண்டுபோயின. பழையபடி ஹோமுக்கெல்லாம் ஒரே பூட்டு வேண்டுமென்றால் ஒரு சூழல் மாறியை அமைக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கணினியில் நுழைபவர் சிலர். சிக்கிய பூட்டால் தவிப்பவர் பலர் என்ற கணக்கு இது. நடைமுறைக்குச் சரியான முடிவுதான். ஆனால் ஒரு பயனருக்கு ஒரே எழுத்தர் என்ற அடிப்படை வாக்குறுதி அத்தோடு சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. சத்தமான கோளாறைக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாத கோளாறை வாங்கிக்கொண்ட பேரம் இது.

அடுத்து வந்தது ரையன் லார்ட்டியின் டிகான்ஃப். 2010 செப்டம்பரில் ஜிலிப் 2.26, நிரல்கள் டிகான்ஃபை அணுகும் இடைமுகமான ஜிசெட்டிங்ஸைக் கொண்டுவந்தது. 2011 ஏப்ரலில் க்னோம் 3.0 அதன் மேல் நின்றது. நூற்றுக்கணக்கான சிறு எக்ஸ்எம்எல் கோப்புகளுக்குப் பதில் ஒரே பைனரிக் கோப்பு. படிப்பவர் யாரிடமும் கேட்க வேண்டாம். கோப்பை நேரே தன் நினைவகத்தில் பொருத்திப் படித்துக்கொள்ளலாம். எழுதுவதற்கு மட்டும் ஒரு சேவை. அது புதிய கோப்பை எழுதி, பழையதன் இடத்தில் வைத்துவிட்டு, ரன்டைம் டைரக்டரியில் இருக்கும் ஒரு சிறு பொது நினைவகக் கோப்பில் ‘மாறிவிட்டது’ என்று கொடி காட்டும். படிப்பவர்கள் கொடியைப் பார்த்துப் புதியதைத் திறப்பார்கள்.

சொந்த வட்டில் இந்த ஏற்பாடு அருமை. வேகத்தில் ஜிகான்ஃப் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பொது ஹோமில் இரண்டு இடத்தில் உடைகிறது. கொடி அந்தந்தக் கணினிக்கே சொந்தம் என்பதால், முதல் கணினியில் நடந்த மாற்றம் இரண்டாவதற்குத் தெரியாது. இரண்டாவதில் ஓடும் நிரல், சர்வரிலிருந்து நீக்கப்பட்டுவிட்ட பழைய கோப்பையே நினைவகத்தில் பொருத்தி வைத்திருக்கும். அதில் இன்னும் படிக்காத பக்கத்தைத் தொட்டால் கெர்னல் பஸ் பிழை கொடுத்து நிரலைக் கொன்றுவிடலாம்.

இதற்கும் விடை வைத்திருக்கிறார்கள். டிகான்ஃப் ப்ரொஃபைல் கோப்பில், பயனர் தரவுத்தளத்தைக் குறிக்கும் வரிக்குப் பதிலாகக் கீஃபைல் வழியைக் குறிக்கும் ஒரு வரியை வைக்க வேண்டும். அப்போது பைனரிக் கோப்பு ஹோமிலிருந்து விலகி, கணினியின் சொந்த ரன்டைம் டைரக்டரியில் உருவாகும். ஹோமில் தங்குவது சாதாரண எழுத்துக் கோப்பு மட்டுமே. சேவை இரண்டையும் இரு திசையிலும் ஒத்திசைக்கும். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7இன் கையேடு, ஹோம் என்எஃப்எஸ்ஸில் இருந்தால் இந்த வழியையே பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்கிறது. கூடவே ஒரு நேர்மையான எச்சரிக்கையும் உண்டு: மாற்றத்தை அவ்வப்போது எட்டிப் பார்த்துத்தான் அறியும் என்பதால், வேறு கணினியில் செய்தது உடனே தெரியாமல் போகலாம்.

என் கணிப்பில் இதுவே இதுவரை வந்தவற்றில் சிறந்த தீர்வு. பயனரின் விருப்பம் ஹோமில். அதை வேகமாகப் படிப்பதற்கான நகல் கணினியில் என்று கோடு போட்டுப் பிரித்திருக்கிறது. குறை என்னவென்றால், இது இயல்பு நிலை அல்ல. ஒவ்வொரு க்ளையன்டிலும் நிர்வாகி தானே அந்த வரியை எழுத வேண்டும். தேவைப்படுபவர் கையேட்டின் அந்தப் பக்கத்தைத் தேடிப் போவதற்குள் பத்து முறை அழித்திருப்பார்.

மூன்று வகைச் சரக்கு

பிற மென்பொருள்கள் இந்தக் கோட்டை எப்படிப் போட்டன என்று பார்த்தால் உண்மை தெளிவாகும். கேடிஇ, ஹோமில் உள்ள தன் டைரக்டரிக்குள் கணினியின் பெயரோடு ஒரு குறியிணைப்பை வைத்து, சாக்கெட்டுகளை அந்தக் கணினியின் தற்காலிக டைரக்டரிக்கு அனுப்பியது. டிபஸ்ஸும் பல்ஸ்ஆடியோவும் தங்கள் கோப்புகளின் பெயரில் கணினியின் தனி அடையாள எண்ணைச் சேர்த்தன. ஒரே ஹோமில் பல கணினிகள் வாழும் என்பதை எதிர்பார்த்த வடிவமைப்புகள் இவை. ஆய்வகம் மட்டும் இதை வீணாக்கும்: ஒரு கணினியை நிறுவி, அதன் வட்டை அப்படியே நாற்பது கணினிக்கு நகலெடுத்தால், நாற்பதுக்கும் ஒரே அடையாள எண். பிரித்துக் காட்ட வந்த எண்ணே எல்லோரையும் ஒன்றாக்கிவிடும். நகலெடுக்கும் முன் அந்தக் கோப்பைக் காலியாக்க வேண்டும் என்பது பல ஆய்வகங்களில் விடுபடும் படி.

விண்டோஸ் வேறு பாதையில் போனது. 1996இல் வந்த என்டி 4.0இன் ரோமிங் ப்ரொஃபைல், நுழையும்போது சர்வரிலிருந்து இறக்கி, வெளியேறும்போது திரும்ப ஏற்றும். ஓடும்போது எல்லாம் சொந்த வட்டில் என்பதால் பூட்டுச் சிக்கல் குறைவு. பதிலுக்கு, கடைசியாக வெளியேறியவர் முந்தையவர் செய்ததை மூடிவிடுவார். ப்ரொஃபைல் பெருத்தால் காலையில் நுழையவே நேரம் பிடிக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் விண்டோஸ் முந்திக்கொண்டது. விஸ்டாவிலிருந்து, ஒத்துப்போகாத தலைமுறைகளின் ப்ரொஃபைல் டைரக்டரிக்குத் தனித்தனிப் பின்னொட்டு வைத்தது. லினக்ஸ் ஹோமில் அந்தப் பிரிவினை இல்லை. பழைய விநியோகமும் புதிய விநியோகமும் ஒரே ஹோமைப் பகிர்ந்தால், புதியது மாற்றியெழுதிய கோப்பைப் பழையது படிக்கத் திணறலாம்.

ஹோமுக்குள் மூன்று வகைச் சரக்கு கலந்து கிடக்கிறது. பயனர் தேர்ந்தெடுத்தவை ஒரு வகை: எழுத்தளவு, விசைப்பலகை, பின்னணிப் படம். கணினிக்கு உரியவை இன்னொரு வகை: க்னோம் ஹோமில் எழுதி வைக்கும் மானிட்டர் அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்த நொடிக்கு மட்டும் உரியவை மூன்றாம் வகை: பூட்டு, சாக்கெட், நினைவகத்தில் பொருத்திய தரவுத்தளம். முதல் வகை மட்டுமே ஊர் சுற்றலாம். இரண்டாவது கணினியின் பெயரோடுதான் இருக்க வேண்டும். மூன்றாவது ஹோமுக்குள் காலே வைக்கக் கூடாது.

லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொதுவான எக்ஸ்டிஜி வரையறை இதை ஓரளவு எழுத்தில் கொண்டுவந்தது. 2003இல் அமைப்புக்கும் கேஷுக்கும் தனி இடம் கொடுத்தது. 2010இல் ரன்டைம் டைரக்டரியைச் சேர்த்து, அது சொந்த வட்டில்தான் இருக்க வேண்டும், வேறு கணினியோடு பகிரக் கூடாது என்றும் விதித்தது. ஆனால் இரண்டாம் வகைக்கு, கணினிக்கு உரிய அமைப்புக்கு, அந்த வரையறை இன்றுவரை தனி இடம் தரவில்லை. மானிட்டர் கோப்பு ஹோமில் கிடப்பது அதனால்தான். மூன்றாம் வகையும் முழுவதாக வெளியேறிவிடவில்லை. எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் ‘வால்’ என்னும் பதிவு முறை பொது நினைவகத்தை நம்பி இயங்குவது. நெட்வொர்க் கோப்பமைப்பில் அது வேலை செய்யாது என்று அதன் ஆவணமே சொல்கிறது. அப்படியிருந்தும் எத்தனையோ டெஸ்க்டாப் நிரல்கள் எஸ்கியூலைட்டை ஹோமுக்குள்தான் வைக்கின்றன.

எந்த வரிசையில் தேடுவது

பயனர் டெஸ்க்டாப்புக்குள் நுழைய முடியவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது கோட்டாவும் வட்டின் இடமும். அடுத்து கோப்புகளின் உரிமையாளர்: மூன்றாம் பதிப்பில் சர்வர் பார்ப்பது எண்ணை மட்டுமே, நான்காம் பதிப்பில் பெயர் பொருந்தாவிட்டால் எல்லாம் ‘நோபடி’ என்று தெரியும். பிறகு இரண்டு குறுக்குச் சோதனை: அதே பயனர் வேறு கணினியில், சொந்த வட்டில் ஹோம் வைத்த சோதனைப் பயனர் அதே கணினியில். முதலாமவர் எங்கும் தடுமாறினால் ஹோமில் கோளாறு. இரண்டாமவரும் தடுமாறினால் கணினியில் கோளாறு. அதன் பின்னரே பூட்டு: ஹோமில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, இரண்டு கணினியிலிருந்து எஃப்லாக் கட்டளையால் பூட்டிப் பார்த்தால், பூட்டுச் சேவை உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு மறைவு டைரக்டரியைத் தொட வேண்டியிருந்தால், அழிக்காமல் பெயரை மாற்றுங்கள். புதிய ஐநோடு கிடைக்கும், டெஸ்க்டாப் வரும், பழையது சாட்சியாக அப்படியே இருக்கும். பயனரின் அமைப்புகளை அதிலிருந்து மீட்கவும் முடியும். அழிப்பதால் கிடைக்கும் எல்லாப் பலனும் பெயர் மாற்றுவதிலும் உண்டு. அதன் இழப்புகளில் சாட்சியும் அமைப்புகளும் போவதை இது தவிர்க்கிறது. உயிரோடு இருக்கும் டீமனை மட்டும் இது கண்டுபிடிக்காது. பயனர் வேறெங்கும் நுழைந்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது எப்போதும் உங்கள் பொறுப்பு.

என் தீர்ப்பு இதுதான். பொது ஹோம் காப்பாற்ற வேண்டிய ஏற்பாடு. கோப்புகளுக்கு அதைவிட எளிய வழி ஆய்வகங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அமைப்புச் சேவையும் தேவையானதே. இரண்டும் மோதுவது, ஓடும் நிலையை ஹோமுக்குள் எழுதும்போது மட்டும். டெஸ்க்டாப் செய்பவர்கள் கீஃபைல் போன்ற வழியை, ஹோம் நெட்வொர்க்கில் இருப்பதைத் தாங்களே கண்டறிந்து, இயல்பாகவே தேர்ந்தெடுக்கும்படி செய்ய வேண்டும். அதுவரை ஆய்வகம் நடத்துபவர்கள் மூன்றைச் செய்தால் போதும்: நான்காம் பதிப்புக்கு மாறுங்கள், ஒவ்வொரு க்ளையன்டிலும் டிகான்ஃப் ப்ரொஃபைலில் அந்த ஒரு வரியை எழுதுங்கள், வட்டை நகலெடுக்கும் முன் கணினி அடையாள எண்ணைக் காலியாக்குங்கள். இவற்றைச் செய்த பிறகும் வாரம்தோறும் யாருக்காவது மறைவு டைரக்டரியை அழிக்க வேண்டியிருந்தால், கோளாறு அந்த டைரக்டரியில் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.